லைப்ரரி டீச்சர் பதில்கள்: பீரோ சாவி யாரிடம்?

(குடியாத்தத்திலும் வேலூரிலுமாக 31 ஆண்டு பள்ளி நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்.)

இந்த மாதம் கடிதங்கள் அதிகம். பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டுக்கொண்டதால் எல்லாருக்குமே ஊரையும் வேலையையும் மட்டும் போட்டிருக்கிறேன். பெயரைப் பத்திரிகையில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் மன்னிக்கவும்.

"அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை நான். ஜூன் மாதம் நூலகப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு பீரோ, சுமார் 1,400 புத்தகம். முன்பு பொறுப்பில் இருந்த சார் சாவியைக் கொடுக்கும்போது, 'திறக்காதீங்க டீச்சர், ஒண்ணு குறைஞ்சாலும் உங்க கைக்காசுதான்' என்றார். திறக்காமல் நூலகத்தை எப்படி நடத்துவது?"
*தமிழாசிரியை, அணைக்கட்டு*

டீச்சர், அந்த சார் மேல் கோபப்படாதீர்கள். நானும் கொஞ்ச காலம் அவர் மாதிரி இருந்தவள்தான்.

1990-இல் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாம் வருஷம் முதல் ஸ்டாக் வெரிஃபிகேஷன். ரிஜிஸ்டருக்கும் அலமாரிக்கும் 17 புத்தகம் இடித்தது. பள்ளியின் பெயர் எதற்கு, இப்போது அங்கே எல்லாரும் வேறு ஆட்கள். 412 ரூபாயை என் சம்பளத்தில் பிடித்தார்கள். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அது எங்கள் வீட்டு ஒரு மாத அரிசியும் மண்ணெண்ணெயும். அதற்கப்புறம் நான் யாருக்கும் புத்தகம் கொடுக்கவில்லை. 'ஸ்டாக் எடுக்கப்படுகிறது' என்று ஓர் அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டேன். இரண்டு வருஷம் அதே அட்டை தொங்கியது.

பிறகு ஒரு இன்ஸ்பெக்ஷனுக்காகப் பீரோவைத் திறந்தேன். உள்ளே பாம்புகளைப் பற்றி வழவழ தாளில் வண்ணப் படம் போட்ட புத்தகம் ஒன்று இருந்தது. அது வந்த அன்று பையன்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், கண்ணாடி விரியன் கீதா அதுல?" என்று கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் முன்னட்டையில் தொடங்கிப் பின்னட்டை வரைக்கும் ஊசி கோத்த மாதிரி துளை. இராமபாணப் பூச்சி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் சுவர் தெரிந்தது. இப்படி 23 புத்தகம். 'பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பூச்சி தின்றதற்கு என்னிடம் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. பிள்ளைகள் எடுத்துப்போனதற்குத்தான் 412 ரூபாய்.

அன்று சாயங்காலம் அந்த அட்டையைக் கழற்றினேன். அதனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பயத்தோடு எப்படித் திறப்பது என்பதைத்தான் அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

முதலில் எண்ணுங்கள். தனியாக வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் அக்சஷன் நம்பரை (ஒவ்வொரு புத்தகத்துக்கும் நூலகம் போடும் வரிசை எண்) படிக்க, இன்னொருவர் ரிஜிஸ்டரில் பென்சிலால் டிக் போட, இரண்டு மதியத்தில் முடிந்துவிடும். தூசிக்கு மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணும்போதே பிள்ளைகள் சிலதை ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள். அதைக் கண்டுகொள்ளாதீர்கள், உங்கள் முதல் வாசகர்கள் அவர்கள்தான். நீங்கள் பொறுப்பேற்றபோது எத்தனை இல்லை என்பதைத் தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடமும் இன்னோர் ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைப் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். இதைச் சாவி வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டும். பரவாயில்லை, இந்த வாரம் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. ஓர் ஆண்டில் வழங்கப்படும், படிக்கப்படும் ஒவ்வோர் ஆயிரம் நூலுக்கும் ஐந்து வரை தொலைவது இயல்பான இழப்பு என்று அது ஒப்புக்கொள்கிறது. அஜாக்கிரதையோ நேர்மைக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் கண்டிப்பாக விசாரிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தலைமையாசிரியரிடம் பேசப் போகும்போது கையில் ஒரு நகல் இருக்கட்டும். 'டெல்லியிலேயே இப்படித்தான் சார்' என்று சொல்ல ஆகும். கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? வழங்கிய புத்தகத்தை வைத்துத்தான் விழுக்காடு. பீரோவைப் பூட்டியே வைத்திருந்தால் அந்தச் சலுகைக்கே இடமில்லை.

மூன்றாவது, சாவியின் பாரத்தைப் பிரித்துக் கொடுங்கள். நான் ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் 30 புத்தகம் போட்ட அட்டைப்பெட்டி ஒன்று கொடுத்தேன், ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. மாதம் ஒருமுறை பெட்டி அடுத்த வகுப்புக்கு மாறும். முதல் மாதம் இரண்டு பேர்தான் வாங்கினார்கள். பொங்கலுக்குள் ஆறு பேர். ஒரு பெட்டியைச் சத்துணவு ஆயாவிடம் வைத்தேன். தட்டு கழுவிவிட்டு மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். "கையத் தொடச்சிக்குனு எட்றா, இல்லன்னா நாளைக்கு முட்டை கெடயாது" என்று அவர் போட்ட சட்டத்தை மீறி ஒரு பக்கத்தில்கூடக் குழம்புக் கறை விழுந்ததில்லை. எந்தப் பிள்ளை எதை எடுக்கிறது, எது தொடாமலே திரும்பி வருகிறது என்று வாரம் ஒருமுறை சொல்வார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டைப் படத்தை வைத்தே சொல்வார்.

"தனியார் பள்ளி ஒன்றில் நூலகர். எம்.லிப். படித்திருக்கிறேன். நூலகப் பாடவேளை வந்தால் கணக்கு சார், 'போர்ஷன் முடிக்கணும்' என்று பிள்ளைகளைக் கூட்டிப்போய்விடுகிறார். மற்ற ஆசிரியர்கள் நூலகத்துக்கு வருவது ஏ.சி.க்காக. எனக்கு விடைத்தாள் எண்ணும் வேலைதான் நிறைய. சேர்ந்து வேலை செய்வது என்றெல்லாம் பாடத்தில் படித்தோம். எங்கிருந்து தொடங்குவது?"
*பள்ளி நூலகர், காட்பாடி*

ஏ.சி.யா? எங்களுக்கெல்லாம் சத்தம் போடும் ஒரு ஃபேன்தான் இருந்தது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். காலை இடைவேளை டீ வரும் நேரத்தில் ஸ்டாஃப் ரூமுக்குப் போங்கள். ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், "அடுத்த வாரம் என்ன பாடம் சார்?" என்று மட்டும் கேளுங்கள். 'நூலகத்தைப் பயன்படுத்துங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்பினால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எனக்கு அப்படி வந்த கையெழுத்துகள் ஒரு ஃபைல் நிறைய இருந்தன.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு இந்தக் கேள்வியை எங்கள் சோஷியல் டீச்சரிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பு, 1806 வேலூர்ப் புரட்சி. "நம்ம ஊர்ப் பாடம்தானே, ஒரு பீரியட்ல முடிச்சிடுவேன்" என்றார். அடுத்த பீரியடை எனக்குக் கேட்டேன். கொடுத்தார். மாவட்ட மைய நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய பழைய வரலாற்று நூல்கள், கோட்டையின் வரைபடம், எங்கள் அலமாரியில் இருந்ததில் கொஞ்சம் என்று மேசை மேல் பரப்பினேன். பாடத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரியும்: நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை வேண்டும் என்றெல்லாம் உத்தரவு, ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார்.

கடைசி பெஞ்சு ஆள் ஒருவன் கேட்டான். "மிஸ், ஆற்காட்லருந்து அவ்ளோ சீக்கிரம் எப்டி வந்தாங்க? நம்ம பஸ்ஸே ஒரு மணி நேரம் ஆவுதே."

அந்த நேரம் பார்த்து, போர்ஷன் முடிக்கப் பிள்ளைகளைக் கேட்டு எங்கள் கணக்கு சார் வாசலில் வந்து நிற்கிறார். உங்கள் ஆள் மாதிரியே. நான், "சார், 16 மைல், சுமார் இரண்டு மணி நேரம்னு போட்டிருக்கு, என்ன வேகம்?" என்றேன். "இது ஒரு கணக்கா?" என்று உள்ளே வந்தவர் சாக்பீஸை எடுத்துவிட்டார். 16 மைல் என்றால் ஏறக்குறைய 26 கிலோமீட்டர். மணிக்கு 13. "சரி, 13 கிலோமீட்டர்னா எவ்ளோ வேகம்னு எவனுக்காவது தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. மைதானத்துக்கு அழைத்துப் போனார். எங்கள் மைதானம் ஒரு சுற்று 200 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சுற்றை 55 வினாடியில் ஓட வேண்டும். பி.டி. சார் விசிலும் கையுமாக வந்து சேர்ந்தார். நன்றாக ஓடும் பையன்கள் ஏழெட்டுச் சுற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து வேலூர் வர சுமார் 130 சுற்று. குதிரைக்கும் மூச்சு வாங்கியிருக்கும் என்றான் ஒருவன். அன்று முதல் வகுப்பில் அவனுக்கு அதுவே பட்டப்பெயர்.

அதோடு விடவில்லை. ஒரு பெண் பிள்ளை, பேரணாம்பட்டுப் பக்கம், அப்பா தோல் ஷாப்பில் வேலை. "அந்தத் தலைப்பாகைத் தோலு இன்னா தோலுன்னு சிப்பாய்ங்களுக்கு எப்டித் தெரியும் மிஸ்?" பசுத் தோல், பன்றித் தோல் என்ற பேச்சுதானே அவர்களைக் கொதிக்க வைத்தது. எனக்கும் பதில் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. "உங்க அப்பாவைக் கேட்டுக்கொண்டு வா" என்றேன். மறுவாரம் அவர் ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார், பையில் நாலைந்து தோல் துண்டுகளோடு. முடி வேர் இருந்த துளைகளைப் பார்த்தாலே சொல்லிவிடலாமாம். மாட்டுத் தோலில் துளைகள் பரவலாக, ஒரே மாதிரி இருக்கும். பன்றித் தோலில் மும்மூன்றாக முக்கோணம் போட்ட மாதிரி இருக்கும். தான் வேலை செய்யும் இடத்தில் அது வராது, ஆனாலும் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும் என்றார். சயின்ஸ் டீச்சர் லேபிலிருந்து லென்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதர் பள்ளிக்கூடத்துக்குள் அதற்கு முன் வந்தது மகளைச் சேர்க்க மட்டும்தான். அன்று மேசையைச் சுற்றி நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், நடுவில் அவர்.

அம்மா, இதில் என் வேலை என்ன என்று பாருங்கள். புத்தகத்தைப் பரப்பினேன், ஒரு கேள்வியைச் சரியான ஆளிடம் தள்ளிவிட்டேன். மற்றது எல்லாம் அவர்கள் செய்தது. நூலகர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வேலை செய்தால் மாணவர்களின் வாசிப்பும் கற்றலும் சிக்கலுக்குத் தீர்வு காணும் திறனும் உயர்வது நிரூபணமான விஷயம் என்று யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் 1999-இல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் நிர்வாகத்துக்கு யுனெஸ்கோ என்றால் மரியாதை இருக்கும். அதை எடுத்துக் காட்டுங்கள், விடைத்தாள் எண்ணும் வேலையாவது குறையும்.

கணக்கு சார்களை விரோதியாகப் பார்க்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் துறைக்கே தந்தையான எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர், சில நாளிலேயே அந்தத் தனிமை தாங்காமல் திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்குப் படிக்கப் போய், அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. உங்களுக்கு இப்போது சலிப்பாக இருந்தால் அது பெரிய இடத்துச் சலிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் பீடி சுத்துறேன். படிப்பு இல்லை. இந்தக் கடிதத்தை என் பெரிய பொண்ணு எழுதுது. பையன் ஆறாவது. ஸ்கூல் மீட்டிங்ல, 'வீட்ல படிக்க வைங்க, கதை புக்கு படிக்க வைங்க'ன்னு சொல்றாங்க. எனக்கே தெரியாததை நான் எப்படிப் படிக்க வைக்கிறது?"
*ஒரு தாய், குடியாத்தம்*

தங்கச்சி, உங்கள் ஊர்தான் என் ஊரும். எங்கள் தெருவில் முறமும் மடியுமாக உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

நீங்கள் படிக்க வேண்டாம், கேட்டால் போதும். சாயங்காலம் நீங்கள் சுற்றும்போது பையனைப் பக்கத்தில், தூள் மூக்கில் ஏறாத தூரத்தில், உட்கார வையுங்கள். ஒரு கட்டு கட்டி முடிகிறவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 25 பீடி சுற்றி முடிக்க ஆகும் நேரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். அவன் நிறுத்தினால், "அப்புறம்?" என்று கேளுங்கள். இந்த ஒரு வார்த்தை போதும். எங்கே தடுக்கி விழுகிறான் என்று உங்கள் காதுக்கே தெரிந்துவிடும். கதை புரியவில்லை என்றால், "எனக்குப் புரியலடா, நீ சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அவனுக்குப் புரிந்திருக்கிறது. அடுத்த மீட்டிங்கில் டீச்சரிடம், 'இந்த மாதிரிப் புக்குல தடுமாறுறான், கொஞ்சம் சின்ன எழுத்தில்லாத புக்கு குடுங்க' என்று சொல்லுங்கள். எந்த டீச்சருக்கும் இதைவிட உபயோகமான தகவல் கிடைக்காது.

உங்களுக்குத் தெரியாது என்கிறீர்களே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். குடியாத்தம் பள்ளியில் ஒரு பையனின் அப்பா குழித்தறியில் கைலி நெய்பவர். புத்தகம் எடுக்க வந்த பையன், தறியைப் பற்றித் தமிழில் புத்தகம் கேட்டான். அலமாரியில் இல்லை. "அப்படின்னா நாமே எழுதிடலாமா?" என்றேன். தமிழையா நாலு பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டுத் தறிமேடையில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். பாவு, ஊடை, நாடா, தார், விழுது, மிதி என்று ஒவ்வொரு சொல்லுக்கும் படம். டிராயிங் சார் படங்களைத் திருத்தினார். அந்த அப்பா ஒரு வார்த்தை படிக்கத் தெரியாதவர். ஆனால் பிள்ளைகள் படித்துக் காட்டியபோது மூன்று இடத்தில் தப்பு பிடித்தார். 48 பக்க நோட்டு. பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, அக்சஷன் ரிஜிஸ்டரில் 4312 என்று ஏற்றி, முதுகில் நூலக வகைப்பாட்டில் நெசவுக்குரிய 677 என்ற எண்ணை ஒட்டினேன். ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் நாலு பிள்ளைகள் பெயரும் அந்த அப்பா பெயரும். விலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நோட்டு விலை எட்டு ரூபாய் என்று எழுதினேன். அந்த வருஷம் அதிகம் வெளியே போன புத்தகம் அதுதான்.

"புராஜெக்ட் என்றால் பிரவுசிங் சென்டரில் 50 ரூபாய் கொடுத்து பிரின்ட் எடுத்தோம். இப்போது மகள் செல்போனில் ஏ.ஐ.யைக் கேட்கிறாள், அரை நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிறது. பள்ளிக்கு இனி நூலகம் எதற்கு?"
*பெற்றோர், சத்துவாச்சாரி*

தப்பு உங்கள் மகள் மேல் இல்லை. கேள்வி அப்படி. 'பாலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதுக' என்று கேட்டால் நந்தி மலையில் பிறந்து வங்கக் கடலில் கலக்கிறது என்று செல்போனும் எழுதும், பிரவுசிங் சென்டரும் எழுதும், ஐம்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையைக் கொண்டுவருவார்கள். '2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, உங்கள் தெருவில் அதைப் பார்க்கப் போனவர்கள் யார், என்ன பார்த்தார்கள், அன்றைய செய்தித்தாள் என்ன சொல்கிறது, 1903 வெள்ளம் வாணியம்பாடியை என்ன செய்தது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்' என்று கேட்டுப் பாருங்கள். பாட்டியிடம் போக வேண்டும், பழைய பேப்பரைத் தேட வேண்டும், ஒரு வரைபடத்தையாவது விரிக்க வேண்டும். இந்த மாதிரிக் கேள்வியை ஆசிரியர் தனியாக எழுதுவது கஷ்டம், என்ன பொருள் எங்கே கிடைக்கும் என்று நூலகருக்குத்தான் தெரியும். இருவரும் சேர்ந்து கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். செல்போனையும் கேட்கட்டும், தடுக்காதீர்கள். அது சொன்னதை இரண்டு இடத்தில் சரிபார்த்து, ஒத்துப்போகாததைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். சிவப்பு அதிகமாக இருந்த தாளுக்கு நான் அதிக மதிப்பெண் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"தபால் துறையில் ஓய்வுபெற்றேன். வீட்டில் 300 புத்தகம் இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுக்கலாம் என்று போனால் தலைமையாசிரியர் தயங்குகிறார். நல்லது செய்யப் போனாலும் இப்படியா?"
*வாசகர், வாலாஜாப்பேட்டை*

ஐயா, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். 300-இல் பிள்ளைகள் படிப்பது எத்தனை? எனக்கு இப்படி வந்த மூட்டைகளில் போட்டித் தேர்வுப் பழைய கைடு, சங்க மலர், பாதிக் கதையோடு நின்ற பைண்டிங் வார இதழ்தான் அதிகம். ஒரு மூட்டையில் 1987-ஆம் ஆண்டு ரயில்வே கால அட்டவணை இருந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கி, எண் போட்டு, பிறகு அதைக் கழிக்க அனுமதி கேட்டு அலைவது பொறுப்பாசிரியர்தான். ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள், பள்ளி தேவையானதை மட்டும் டிக் போட்டுக்கொள்ளட்டும். 30 தேறினாலும் நல்ல நன்கொடை.

அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்று உங்களால் முடியும். உங்களிடம் நேரம் இருக்கிறது. பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் உறுப்பினராக்குங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாறாதீர்கள். ஆயிரம் ரூபாய் கட்டி நீங்கள் அங்கே புரவலராகலாம். வாசகர் வட்டத்தில் சேர்ந்து, பள்ளிக்குத் தேவையான தலைப்புகளைக் கிளை நூலகரிடம் எடுத்துச் சொல்லும் ஆளாக இருக்கலாம். பள்ளியில் பொறுப்பாசிரியருக்கு வகுப்பு இருக்கும், கிளை நூலகருக்கு இடத்தைவிட்டு நகர முடியாது. இரண்டு பேருக்கும் நடுவே கடிதம் கொண்டுபோகத் தபால்காரரைவிட யார் பொருத்தம்? உரிமையோடு கேளுங்கள். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் புண்ணியத்தில், சொத்து வரி கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நூலக வரியாகப் பத்துப் பைசா நீங்களும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

"மிஸ், நான் 7-ம் வகுப்பு. ஸ்கூல் லைப்ரரி புக் மழையில் நனைந்துவிட்டது. பை ஓட்டை. டீச்சர் திட்டுவாங்க. ஒரு வாரமாக லைப்ரரி பக்கம் போகவில்லை. என்ன செய்ய?"
*மாணவி, ஒடுகத்தூர்*

கண்ணு, புத்தகத்தை வெயிலில் வைத்தாயா? வைத்திருந்தால் உடனே எடு, தாள் முறுக்கிக்கொள்ளும். இப்போது தரையில் செய்தித்தாள் விரித்து, புத்தகத்தை விசிறி மாதிரிப் பிரித்து நிற்க வை. ஃபேன் ஓடட்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிய்க்காதே, காய்ந்ததும் தானாக வரும். ரொம்ப ஈரமான இடத்தில் பத்துப் பக்கத்துக்கு ஒரு துண்டு வெள்ளைத் தாள் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை மாற்று. அங்கே செய்தித்தாள் வைக்காதே, மை ஒட்டும். நன்றாகக் காய்ந்தபிறகு இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றிவிடு. மூன்று நாள். அட்டை கொஞ்சம் வீங்கினாற்போலத்தான் இருக்கும், பரவாயில்லை.

அப்புறம் நீயே எடுத்துக்கொண்டு போய், "நனைஞ்சிடுச்சு மிஸ், காய வச்சேன்" என்று சொல். இந்தப் பக்கத்தையும் கூடவே எடுத்துப்போ, முதல் கேள்விக்கு நான் எழுதிய பதிலை அவர்களும் படிக்கட்டும். பைக்கு ஓட்டை அடைக்க அம்மாவிடம் சொல்.

அது என்ன புத்தகம் என்று எழுதவே இல்லையே நீ? எந்தப் பக்கம் வரைக்கும் படித்திருந்தாய்?